சோப்பு போட்ட சாக்கு

ஒரு நாய்க்குட்டிக்காக எங்கள் அம்மா மூன்று மாதம் அலைந்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்க அதில் பாதி நாள்கூட அலையவில்லை. இதை இப்போது சொல்லிக் காட்டினால், "உன் வூட்டுக்காரரு இன்னா ஆடா மேய்க்கப் போறாரு?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண்கூடக் கிடையாது. நாற்பத்திரண்டு செம்மறி ஆடுகள் இருந்தன. அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்தார். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவார். ஆடுகள் முழுக்க அம்மா பொறுப்பு. பகலில் மேய்ப்பாள். பொழுது சாய்ந்ததும், அறுப்பு முடிந்த நிலம் யாருடையதோ அங்கே எருவுக்காகப் பட்டி அடைப்பாள்.

செம்மறியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் போகிற ஆடு கிணற்றில் குதித்தாலும், பின்னால் வருவது ஏன் என்று கேட்காமல் குதிக்கும். எங்கள் பக்கத்து ரோட்டில் ஒரு ஓரம் கரும்பு, மறு ஓரம் மக்காச்சோளம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் ஆட்டை ஓட்டிப் போக முடியாது. முன்னால் அம்மா போவாள். பின்னால் எங்கள் நாய் வரும். பயிருக்குள் தலையை நீட்டுகிற ஆட்டை அது மடக்கித் திரும்ப மந்தைக்குள் தள்ளும். அதுதான் எங்கள் வீட்டின் இரண்டாவது ஆள்.

அந்த நாய் சித்திரையில் தியாகதுருகம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதற்கடுத்த வாரமே ஆடுகள் மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்தன. முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பி ஓடி வருவதற்குள் பாதி மந்தை உள்ளே இருந்தது. காட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார், அது போகட்டும். கதிரை மொக்கிய ஆடுகளில் மூன்று மறுநாள் வயிறு உப்பிச் செத்தன. அதில் இரண்டு சினை. அம்மா அழவில்லை. மூன்றையும் புதைத்துவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே, "நல்ல நாயி ஒண்ணு வேணும்" என்றாள். அன்றிலிருந்து ஒற்றைக் காலில் நின்றாள்.

நாய்தானே, ஊரில் இல்லாத நாயா என்று எல்லோரும் சொன்னார்கள். டீக்கடை வாசலிலேயே நான்கு குட்டிகள் புரண்டுகொண்டிருந்தன. அம்மா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டுப் பின்னால் நடந்த நாயின் வயிற்றில் பிறந்த குட்டிதான் வேண்டும், அந்தத் தாய் வேலை செய்வதை இரண்டு கண்ணாலும் பார்த்த பிறகுதான் குட்டியைத் தொடுவேன் என்றாள். கோடை விடுமுறை தொடங்கியிருந்ததால் இரண்டாவது ஆள் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது இப்போதைய பேச்சு. அப்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கையில் கோல், காலில் அப்பாவின் பழைய செருப்பு, கணக்குப் பாடம் கிடையாது. வேறென்ன வேண்டும்?

முதலில் வந்தது மாமாவின் குட்டி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருக்கோவிலூரில் செல்போன் கடையில் வேலை பார்த்தார். உலகத்தில் எந்தப் பொருளும் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் மலிவாகக் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு நாள் அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் புசுபுசுவென்று ஒரு குட்டி, காது ஒன்று நிமிர்ந்து, ஒன்று தொங்கி.

"ஜெர்மன் ஜாதி. இவங்க அப்பன் போலீஸ்ல இருக்குது, தெரியுமா?" என்றார் மாமா.

அம்மா குட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பன் போலீஸ்ல இருக்கட்டும், கலெக்டரா இருக்கட்டும். அம்மா இன்னா வேல பண்ணிக்கினு இருக்குது?"

மாமாவுக்கு அது தெரியவில்லை. சோதித்துத்தான் பார்ப்போமே என்று குட்டியைப் பட்டிக்குள் விட்டார்கள். எங்கள் கிடா வந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் காலைத் தரையில் ஒரு முறை தட்டியது. அவ்வளவுதான். போலீஸ்காரர் மகன் அலறிக்கொண்டு ஓடி வந்து மாமாவின் பேன்ட்டை நனைத்துவிட்டான். மாமா அதே பெட்டியில் அதைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, இந்த ஆடுகளுக்கு நாகரிகம் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது மணலூர்பேட்டை. அங்கே ஒருவர் வீட்டின் பின்பக்கம் கம்பிக் கூண்டு கட்டி, ஏழெட்டு வகைக் குட்டிகளை அடைத்து வைத்திருந்தார். மந்தைக்கென்றே ஒரு வகை இருப்பதாக மாமாதான் விசாரித்துச் சொன்னார். போனபோது எனக்கு அந்தக் குட்டிகளில் ஆறை உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் போலிருந்தது. அம்மா ஒன்றை எடுத்து வயிற்றைத் தடவினாள். பலூன் மாதிரி உப்பியிருந்தது. கண்ணில் பீளை.

"இதோட அம்மா எங்க?"

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பச்சைப் புல்வெளியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நாய் நின்றது. நம் மாவட்டத்தில் அப்படிப் புல் கிடையாது.

"படம் வேணாங்க. நாயக் காட்டுங்க."

"அது ஊருல இருக்குதும்மா."

"எந்த ஊருல?"

அவர் ஒரு ஊரைச் சொன்னார், பிறகு வேறு ஊரைச் சொன்னார். பால் மறக்கும் முன்பே பிரித்து பஸ்ஸில் ஏற்றி வந்த குட்டிகள் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். குட்டியை மெதுவாகக் கூண்டுக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். "இன்னாம்மா, நாயி வாங்க வந்தியா, ஜாதகம் பாக்க வந்தியா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார். "ரெண்டுந்தாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படியே இன்னும் இரண்டு ஊர் போய்ப் பார்த்தோம். வீட்டுக் காவலுக்குக் குரைக்கிற நாய்கள் இருந்தன. முயல் பிடிக்கிற நாய்கள் இருந்தன. ஆட்டு மருந்து வாங்கப் போன இடத்தில், மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்தான் துப்புக் கொடுத்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் வெள்ளாடு வளர்க்கிறார். அவருடைய பெட்டை நாய் ஒற்றையாகவே ஆடுகளை ஓட்டிப் போய் ஓட்டி வந்துவிடும். இப்போது குட்டி போட்டிருக்கிறது. "ஆனா அவங்க லேசுல தர மாட்டாங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கடைசிச் சேதிதான் ரொம்பப் பிடித்திருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆடுகளைப் பக்கத்துப் பட்டிக்காரர் பார்த்துக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்து, வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்து போனால் அந்த வீடு. வீட்டுக்காரி எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அம்மா அவளை அக்கா என்றதால் எனக்குப் பெரியம்மா. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வாயோடு, "ஆடு வர்ற நேரந்தான். ஒக்காருங்க, மொதல்ல பாருங்க" என்றாள்.

சரிவில் ஆடுகள் இறங்கி வந்தன. முப்பது இருக்கும். கீழே ஒரு சாமைக் கொல்லை, பச்சையாக, வேலியில்லாமல். ஆடுகளுக்கும் கொல்லைக்கும் நடுவில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் நடந்து வந்தது. பால் கட்டிய மடி ஆடியது. நான் அது குரைக்கும், பாயும், காலைக் கவ்வும் என்று காத்திருந்தேன். அது ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கருப்பு ஆடு கழுத்தை நீட்டியபோது, அந்தக் கழுத்து போகவிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டது. ஆடு அதைப் பார்த்தது. கழுத்தை இழுத்துக்கொண்டது. நாய் மறுபடி நடந்தது. அவ்வளவு ஆடுகளும் ஒரு கதிரைக்கூடத் தொடாமல் பட்டிக்குள் போயின.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று ஆடு செத்தபோது அழாதவள், ஒரு நாய் சும்மா நடந்து வந்ததைப் பார்த்து அழுதாள்.

குட்டிகள் ஐந்து. பிறந்து மூன்று வாரம். அம்மா கையை நீட்டுவதற்குள் பெரியம்மா கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஊர் ஊராகப் போய் எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்த அம்மா, முதல்முறையாக வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"எத்தினி ஆடு?"

"முப்பத்தொம்போதுங்க. செம்மறி."

"கட்டிப் போடுவியா, அவுத்து வுடுவியா?"

"பட்டியிலயே வளரும்."

"முன்ன ஒரு நாயி இருந்துச்சே, எப்பிடி செத்துச்சு?"

அம்மா லாரியைச் சொன்னாள். ரோட்டில் ஓட்டினீர்களா, ஏன் ஓட்டினீர்கள், வேறு தடம் இல்லையா என்று அதற்கு நான்கு கேள்வி வந்தது. வாய்க்கால் கரையோரம் ஒரு தடம் இருக்கிறது, சுற்று ஜாஸ்தி என்றாள் அம்மா. "சுத்துனா சுத்து" என்றாள் பெரியம்மா. அம்மா தலையாட்டினாள். அம்மா யாருக்கும் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியில், காசு பேச்சு இங்கே கிடையாது என்றாள் பெரியம்மா. குட்டி பால் மறக்க வேண்டும், தாய்க்குப் பின்னால் ஆட்டோடு சில நாள் நடக்க வேண்டும், அதற்கு முன்னால் கேட்கக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் இங்கேயே கொண்டுவந்து விட வேண்டும், வழியில் எங்கும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இன்னும் ஒன்று.

"உன் ஆடு படுத்த சாக்கு ஒண்ணு கொண்டா. நல்லா ஊறுனதா இருக்கணும். இதுங்களுக்கு வெள்ளாட்டு வாசனதான் தெரியும். தாய் மடியில பால் குடிக்கும்போதே உன் ஆட்டு வாசனையில படுத்து எழுந்துச்சின்னா, அங்க வந்தா அதுக்கு அது வூடு. இல்லன்னா வேத்து ஊரு."

ஜூன் பிறந்தது, பள்ளி திறந்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். பகலில் இரண்டாவது ஆள் இல்லாததால், நான் நாலரை மணிக்கு வரும்வரை ஆடுகளைப் பட்டியிலேயே அடைத்து வைத்து, ஒடித்துப் போட்ட தழையை வைத்துச் சமாளித்தாள் அம்மா. ஆடுகள் இளைத்தன. ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் பற்றவில்லை. இதற்கு நடுவில் அவள் அந்தச் சாக்கை மறக்கவில்லை. ஒரு தீவனச் சாக்கைப் பட்டிக்கு நடுவில் விரித்து, பத்து நாள் ஆடுகள் அதன்மேல் படுத்து, புழுக்கை போட்டு, மூத்திரம் பெய்து, எழுந்தன. ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சுருட்டி, "ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு போவணும், பத்திரம்" என்று என்னிடம் கொடுத்தாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போகப் போவது நான். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பவுடர் வாசனையோடு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சிக்கு டான்ஸ் கற்றுக்கொள்ள அதே பஸ்ஸில்தான் போவாள். ஏற்கெனவே ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லி இடம் மாறியவள். இந்தச் சாக்கோடு அவள் என்னைப் பார்த்தால் நான் அப்புறம் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியுமா?

சனிக்கிழமை அம்மா தழை ஒடிக்கப் போயிருந்த நேரத்தில், குழாயடிக்குச் சாக்கை எடுத்துக்கொண்டு போய், துணிச் சோப்பு போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசினேன். வெயிலில் முள்வேலிமேல் உலர்த்தினேன். மொடமொடவென்று காய்ந்தது. மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு அழுக்குச் சாக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதையா என்றுகூட யோசித்தேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆட்டு வாசனை அவள் உடம்பிலேயே இருந்ததால், பையிலிருந்து வாசனை வரவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பவுடர்க்காரி அன்றைக்கு பஸ்ஸில் வரவே இல்லை.

பெரியம்மா பையை அவிழ்த்தாள். அரிசி வாங்குகிறவர்கள் ஒரு கை அள்ளி முகர்வது மாதிரி, சாக்கில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, சோப்பு வாசன அடிக்குது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆடுகளைப் பார்த்தேன். அம்மாவின் கை மேலே போனது. "இங்க அடிக்காத. குட்டிங்க பயந்துக்கும்" என்றாள் பெரியம்மா. என் முதுகு தப்பியது அந்த ஐந்து குட்டிகளின் புண்ணியத்தில்.

சாக்கை உதறித் தரையில் விரித்துப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எதுவும் நடக்காததுபோல் கேட்டாள்: "குட்டி வந்தா, பகல்ல அதுகூட யாரு இருப்பாங்க?"

"இவதாங்கா. ஆட்டுப் பின்னால நடக்க ஒரு ஆளு வேணும், குட்டியும் கூடவே நடக்கும். ஆறு மாசந்தான். குட்டி வேலைக்குத் தேறிட்டா இவளுக்கு வேல இல்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாக்கு விஷயம் மறந்து போனது. நாய் என்னுடையது. நாள் முழுக்க என்னோடு. கோல், செருப்பு, நாய். கணக்குப் பாடம் கிடையாது.

"இஸ்கூலு?"

அம்மா கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்தாள். "அதுக்கு இன்னாங்கா பண்றது" என்றாள்.

பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிட்டாள். எத்தனையாவது என்று கேட்டாள். ஆறாவது என்றேன். தான் உட்கார்ந்திருந்த சாக்கின் ஒரு பக்கத்தை இழுத்து, "இதுல இன்னாமோ எழுதியிருக்குதே, படி" என்றாள். நான் தேய்த்த தேய்ப்பில் அழுக்கெல்லாம் போய் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. முட்டி போட்டுக்கொண்டு, வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தேன். கலப்புத் தீவனம். நிகர எடை ஐம்பது கிலோ. குளிர்ந்த இடத்தில் வைக்கவும். கொக்கி போட்டுத் தூக்காதீர்கள். ஈரம் படாமல் பாதுகாக்கவும்.

கடைசி வரியைக் கேட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு என்றால் தோள் குலுங்க. அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அது முடிந்ததும் பெரியம்மா, "இந்தப் புள்ள கையில குட்டி தர மாட்டேன்" என்றாள்.

"யக்கா!"

"சோப்பு போட்டுக் குளிப்பாட்டிடும் இது. புள்ளைங்ககிட்ட வளந்த நாயி வெளயாடத்தான் லாயக்கு. பெரிய ஆளு ஒருத்தரு கூடவே நடக்கணும். உன் வூட்டுக்காரரு எங்க?"

"பெங்களூருல கட்டட வேலைங்க. அவரு வந்துட்டா கைக்காசுக்கு நான் எங்க போவேன்?"

"அப்போ நீ கூலிக்குப் போ, அவரு ஆட்டுக்குப் போவட்டும். அவரு வந்து அவரு கையில வாங்கிக்கட்டும். இல்லன்னா குட்டி இல்ல."

அம்மா பேசிப் பார்த்தாள். நான் பொறுப்பானவள் என்றாள். நான் தலையை வேகமாக ஆட்டினேன். நான்கு மாதம் என்று குறைத்துப் பார்த்தாள். பெரியம்மா அசையவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது; கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அம்மா எழுந்துவிடுவாள், வேறு இடம் பார்ப்பாள் என்று நினைத்தேன். மணலூர்பேட்டையில் அப்படித்தானே எழுந்து வந்தாள். இங்கே எழவில்லை. வெகுநேரம் அந்தச் செவலை நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்குன்னு எந்தக் குட்டியக்கா வெச்சிருக்க? காட்டு" என்றாள்.

பெரியம்மா கழுத்தில் வெள்ளைத் திட்டுள்ள கருப்புக் குட்டி ஒன்றைக் காட்டினாள்.

"இது எனக்கு. அடுத்த மாசம் அவரக் கூட்டிக்கினு வரேன். வேற யாருக்கும் தந்துடாத. சாக்குதான்..."

பெரியம்மா குனிந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "சாக்கு எதுக்கு? அத்தினியும் இதுல இருக்குது" என்றாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்து, சரக்கென்று ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். அது தாய்நாயின் படுக்கைக்கு அடியில் போனது. கருப்புக் குட்டி அதை முகர்ந்தது, தும்மியது, அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

மலை இறங்கும்வரை நான் அழுதேன். கிழிந்த முந்தானையோடு பஸ்ஸில் வருகிற அம்மாவை யாராவது பார்த்துவிடுவார்களே என்று அந்த அழுகையிலும் ஒரு வெட்கம். என் நாயை என்னிடமிருந்து பிடுங்கிவிட்ட அந்தப் பெரியம்மாவின் ஆடுகளுக்கெல்லாம் கழிச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அப்பா மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார். மேஸ்திரியிடம் சண்டை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அம்மா போனில் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. இருவரும் மலைக்குப் போய்க் குட்டியை வாங்கி வந்த அன்று நான் வகுப்பில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஆட்டோடு நடந்தார், அம்மா களை எடுக்கவும் நடவுக்கும் போனாள். அந்த வருஷம் வீட்டில் எல்லாமே கம்மி. மாமா வந்து குட்டியைப் பார்த்துவிட்டு, இதற்கு ஜாதியே இல்லையே என்றார். ஆனால் அது யாரைப் பார்த்தாலும் முறைத்துக்கொண்டு நிற்பதால், 'ஆபீசர்' என்று பெயர் வைத்தது அவர்தான்.

தை மாதத்தில் ஆபீசர் தனியாகவே பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. அதன் அம்மாவைப் போலவே. குரைக்காது, ஓடாது, கழுத்து போகிற இடத்தில் போய் நிற்கும். அதற்குப் பிறகு எங்கள் ஆடு ஒன்றுகூடப் பயிரில் மேய்ந்து சாகவில்லை. என்னை மட்டும் அது கடைசிவரை கண்டுகொள்ளவே இல்லை. பள்ளிக்குப் போகும்போது குறுக்கே வரப்பில் இறங்கினால் என்னையும் ஒரு ஆடாக மதித்துப் பாதைக்கு மடக்கிவிடும். அதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே பழக்கம்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் கையில் சோப்பு. பெரியம்மா அன்றைக்குக் குட்டி தர மாட்டேன் என்றது நாயை நினைத்தா, என்னை நினைத்தா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவங்களுக்கு நாயிதான் முக்கியம். உன்ன யாரு பாத்தாங்க?" என்றாள். அப்படியும் இருக்கலாம். நல்ல குட்டி வளர்க்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் நாயை மட்டும் நினைத்தவள் எதற்கு என்னை அந்தச் சாக்கைப் படிக்கச் சொன்னாள் என்று நான் திருப்பிக் கேட்டபோது, அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று மலையிலிருந்து திரும்பியபோது நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் வகுப்பில் எல்லோருடைய நோட்டுக்கும் பிரவுன் அட்டை போட்டாகிவிட்டது, என்னுடையதைத் தவிர. தினமும் டீச்சர் எழுப்பி நிற்க வைப்பார். தினமும் வந்து அம்மாவிடம் கேட்பேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்பாள். நாய் ஞாபகத்தில் மறந்துவிடுகிறாள் என்று நினைத்தேன். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை என்பதும், பள்ளிக்கூடம் போகப் போகாத பிள்ளைக்கு யாரும் அட்டை வாங்க மாட்டார்கள் என்பதும் எனக்கு உறைக்க எத்தனையோ வருஷம் ஆயிற்று.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், ஊர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்க, அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இருந்த கடைக்குப் போனாள். கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எத்தினி நோட்டு?"

"ஆறு" என்றேன், விசும்பிக்கொண்டே. "எனக்கு அட்ட வேணாம். நாயிதான் வேணும்."

அவள் கடைக்காரரிடம் இருபது ஷீட் கேட்டாள். ஆறு நோட்டுக்கு எதற்கு இருபது என்று நான் கேட்டேன். "மீதி அடுத்த வருசத்துக்கு ஆவும். அதுக்கடுத்த வருசத்துக்கும் ஆவும்" என்றாள். அம்மாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சுருளை நான் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு அழுதபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.